எம்.டி.க்குச் சம்பளம் போட்ட கூட்டங்கள்

கூட்டத்தில் பேசியதை எழுதுவதுதான் கம்பெனி செகரட்டரியின் வேலை. பேசாமல் விட்டதும் அவன் தலையில்தான் விழும். முதலாளி வீட்டு ஹாலில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதியவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

அடுக்களைக்குப் போனவர்

தீவில் சுற்றுலாப் படகு விடும் கம்பெனி. போர்டு கூட்டம் லம்பா லைனில், எம்.டி. செல்வராஜ் வீட்டில். டைரக்டர்கள் மூன்றே பேர்: அவர், மனைவி மல்லிகா, மல்லிகாவின் தம்பி ரவி. அன்றைய விஷயம் எம்.டி.யின் சம்பள உயர்வு. சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடாமல் வெளியே இருப்பது நல்லது என்றேன். மறுபேச்சில்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போனார். அக்காவும் தம்பியும் கை தூக்கினார்கள், சம்பளம் இரட்டிப்பானது. திரும்பி வந்தவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "நான் கை தூக்கினா தப்பு, என் வீட்டுக்காரி தூக்கினா சரியா சார்?"

கடைசி வரிசை

கம்பெனியில் கால் பங்கு ஆயிஷா பீவியுடையது. அவர் கணவரும் செல்வராஜும் சேர்ந்து வாங்கியதுதான் முதல் படகு. கணவர் இறந்த பிறகு புரோத்ராபூரில் சின்னக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். பங்குதாரர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சீசன் சரியில்லை, இந்த வருஷமும் டிவிடெண்ட் இல்லை என்று வாசித்த ரவி, அதே மூச்சில் சம்பள உயர்வையும் வாசித்தார். ஆயிஷா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "தந்தா டல்லு, வியாபாரமே இல்லைன்னு எனக்குச் சொன்னீங்க தம்பி. செல்வராஜ் அண்ணன் சம்பளத்துக்கு மட்டும் அது எப்படித் தெரியாமப் போச்சு?"

சாத்தம் ஜெட்டியில்

ஆயிஷா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. செல்வராஜ் என்னைப் படகுத்துறைக்கு, சாத்தம் ஜெட்டிக்கு வரச் சொன்னார். மனுஷன் முகம் வாடிப்போயிருந்தது. எஞ்சின் நின்றால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவது அவர்தான். புயல் எச்சரிக்கை வந்தால் படகோடு கிடப்பதும் அவர்தான். மெயின்லேண்டிலிருந்து ஆள் வைத்தால் இதைவிட அதிகம் கேட்பான் என்றார். நியாயம்தான். உங்கள் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை, அதற்கு விலை போட்டது யார் என்பதுதான் கேள்வி என்றேன்.

 அதைக் கேட்டவர் என்னை ஏற்றிக்கொண்டு பைக்கை நேராகப் புரோத்ராபூருக்கு விட்டார். ஆயிஷா எங்களை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க சம்பளத்தைக் குறைக்கச் சொல்லலைண்ணே. கை தூக்குற இடத்துல எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க."

மல்லிகா தூக்காத கை

அடுத்த கூட்டத்தில் ஆயிஷாவும் டைரக்டர். எம்.டி.யின் சம்பளம் மறுபடி வந்தது. செல்வராஜ் வெளியே போனார். அந்தப் பணம் என் வீட்டுக்குத்தான் வருகிறது, நானும் கை தூக்கமாட்டேன் என்றார் மல்லிகா. எம்.டி. என்னென்ன வேலை பார்க்கிறார் என்று ஆயிஷா ஒவ்வொன்றாகக் கேட்க, ரவி சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவர்கள் இருவரும் உயர்வைப் பாதியாக்கி, மிச்சத்தை டிவிடெண்டுக்கு ஒதுக்கினார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போகாமல் நின்றது. அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா என் பக்கம் திரும்பினார். "இவரு இவ்ளோ பாடுபடுறாருன்னு தெரியாமலே அன்னிக்குக் கை தூக்கிட்டேன் சார்."

என் சர்வீஸில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். யாராவது யோசித்த பிறகு எழுதியது அன்றைக்கு மட்டும்தான்.