தலைக்கு மேலே போன கரண்ட்

காலையில் ரேடியோவில் ஒருவர் பேசினார். தலைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறதோ அந்த அளவுக்குத்தான் ஒரு நாடு செழிக்குமாம். குரலில் அப்படி ஒரு குழைவு. எரிச்சல் தாங்காமல் பெட்டியை அணைத்தேன். அணையும்போது அது ஓர் உறுமல் உறுமும். அந்த உறுமல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் மிளகாய்க் காட்டில் இரும்புக் கோபுரம் நட்டார்கள். மேட்டூரிலிருந்து கரண்ட் கம்பி வந்துகொண்டிருந்த காலம். கோபுரக் காலில் காதை வைத்தால் உர்ரென்று கேட்கும். "எங்க கரண்ட்டு" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். சரியான மண்டு.

நான்தான் மண்டு என்றால் அப்பாவும் நம்பினார். கோபுரத்துக்கு இடம் கேட்டு வந்த ஓவர்சீயர், "கம்பி உங்க காட்டு மேலதான போகுது கவுண்டரே, உங்க கெணத்துக்குத்தான் மொதக் கரண்ட்டு" என்றிருந்தான். அப்போதெல்லாம் ஜோடி எருது வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் ஏறும். அதற்குப் பேரே கவலை. அப்பா எருதுகளைச் சந்தையில் விற்று, மோட்டாருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார்.

"இனிமே நமக்குக் கவலையே இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கம்பி வந்தது, தலைக்கு மேலேயே போய்விட்டது. உலக யுத்தம் வந்து, கப்பலில் வரவேண்டிய மோட்டாரும் சீமையிலேயே நின்றுபோனது. செடி பூவிடுகிற நேரம். அப்பா ஓவர்சீயரை மறித்தார்.

"ஏனுங்க, கரண்ட் எப்பங்க எறங்கும்?"

பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவதைக் கேட்பது மாதிரி கேட்டாரா, அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது மில்லுக்குப் போற லைன்யா. நாடு முன்னேறணும்னு நாங்க பாக்கறோம், நீ உன் கெணத்தையே கட்டிக்கிட்டு அழுவுற."

இடம் கேட்டபோது கவுண்டரே, இப்போது நீ. வெற்றிலையை எங்கள் வரப்பிலேயே துப்பிவிட்டுச் சைக்கிளேறினான். அந்த முகம் நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் சின்னச் சால் ஒன்றைக் கட்டி, எருது இழுக்க வேண்டிய வடத்தை அப்பாவும் அம்மாவும் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏனுங்க, செத்த நில்லுங்க. மூச்சு வாங்குதுங்க."

"நின்னா செடி நிக்காது. இழு சாமி."

மேலே கம்பி உறுமிக்கொண்டே இருந்தது. அவ்வளவு இழுத்தும் செடி கருகிவிட்டது. கடைசியில் கடனுக்கு விலையாகி, காடே அந்த மில்காரர் கைக்குப் போனது. அவருக்கு மட்டும் எங்கிருந்தோ மோட்டார் கிடைத்தது. அதே ஓவர்சீயர் வந்து நின்று, எங்கள் கிணற்றுக்குக் கரண்ட்டை இறக்கிக் கொடுத்தான். மில்காரர் அங்கே வைத்த ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ந்ததை அப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

அந்த மில்லும் இன்று இல்லை. கிணற்றைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். கோபுரம் மட்டும் நிற்கிறது.

ரேடியோக்காரரே, தலைக்கு இத்தனை யூனிட் என்று தாராளமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா அம்மா தலையை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அந்த இரண்டு தலையும் உங்கள் கம்பிக்குக் கீழே, வடத்தைச் சுமந்து குனிந்திருந்தன.