பட்டாணி சூப்பும் போணிக் கப்பும்

1. எதிர்ப்பக்கத்துக் குடை

மாசி மாதத்தில் ஒரு காலை, என் போணிக்காரர் என் வண்டியைத் தாண்டி நடந்து போய், எதிர்ப்பக்கம் என் நாத்தனார் கடையில் சூப் வாங்கிக் குடித்தார். நடுவில் ரோடுதான். அவர் ஊதியதும் உறிஞ்சியதும், கடைசியில் கப்பைச் சாய்த்து அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னிடம் குடித்த காலத்தில் அவர் ஒரு நாளும் கப்பை வழித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வியாபாரம் செய்கிறவளுக்குப் பொறாமை இல்லையென்றால் அவளுக்கு வியாபாரத்தில் அக்கறை இல்லை என்று அர்த்தம்.

புதுக்கோட்டையில் ஒரு மைதானத்துச் சுவரோரம் நான் சூப் வண்டி போட்டிருக்கிறேன். காலையில் வாக்கிங் வருகிறவர்கள்தான் கஸ்டமர். சூப்பை வீட்டில் செய்து அண்டாவோடு கொண்டு வருவேன். வண்டியில் சிறு தீயில் சூடு காப்பது மட்டும்தான் வேலை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து என்ன முதல் போடணும், எந்த இடத்தில் வண்டி போடணும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் போணியைப் பற்றிச் சொல்கிறேன்.

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். முதல் கப்பை வாங்குகிறவருக்குக் கைராசி இருந்தால் அண்டா காலி. என் போணிக்காரர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். மணமேல்குடி ரூட்டில் ரொம்பக் காலம் ஓடியவர். எல்லோருக்கும் அவர் கண்டக்டர் சார். அவர் குடித்துவிட்டு "ரைட்" என்பார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கை ஓடும். அவர் பின்னால் வாக்கிங் கூட்டாளிகள் ஒரு பட்டாளமே வரும். அவர் போனால் பட்டாளமும் போகும். வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு அவர் வர நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் யாரோ ஒருவருக்குப் போணி செய்துவிட்டேன். அதுதான் கோபம் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மறுநாள் சரியான நேரத்துக்கு வந்தார். வந்தவர் எதிர்ப்பக்கம் போய், நாலைந்து பேர் வாங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். என் கடையில் ஒரு நிமிடம் காத்திருக்காத மனிதர் அவளுடைய கலர் குடைக்குக் கீழே காத்துக்கிடக்கிறார்!

2. சரசு

சரசு என் வீட்டுக்காரரின் தங்கை. எதிரி வெளியிலிருந்தா வருவாள்? என் அடுப்படியிலேயே நின்று, பட்டாணி உரித்துக்கொடுக்கிறேன் அண்ணி என்று உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் படித்துக்கொண்டு போனவள். தையில் பட்டாணி மலிந்ததும் எனக்கு நேர் எதிரில் குடையை விரித்தாள்.

என் பக்குவம் ஒன்றும் ரகசியமில்லை, இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. தை, மாசி, பங்குனியில் மலையிலிருந்து பச்சைப் பட்டாணி காயாகவே இறங்கும். உரித்த பட்டாணியை வாங்காதீர்கள், காயாக வாங்குங்கள். இளந்தோலைத் தூக்கிப் போடக்கூடாது. அலசி, வேகவைத்து வடித்தால் அந்தத் தண்ணீரில்தான் சூப்பின் இனிப்பு இருக்கிறது. பட்டாணியை மூடி போடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் நிற்கும். பாதியை அரைத்துவிட்டு, பாதியை முழுசாகப் போடுவேன். பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ். கிடைத்தால் ஒரு பிடி முருங்கைப்பூ. இறக்கும்போது வெங்காயத்தாள், மிளகு, சீரகம். மாவு கரைத்து ஊற்றுகிற வேலை என்னிடம் கிடையாது. அரைத்த பட்டாணி தருகிற கெட்டியே போதும்.

இதோடு ஒரு விதியும் உண்டு. என் மாமியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோர் விற்றவர். "போணிக் கரண்டி அடியத் தொடக் கூடாது. தொட்டா அன்னைக்கு யாவாரம் அடியோட போயிரும்" என்பார். மேலாக மொண்டுதான் முதல் ஆளுக்குக் கொடுப்பார். அவர் மகளும் மருமகளும் அந்த விதியை மீறியதில்லை. நானும் கண்டக்டர் சாருக்கு மேலாக, அலுங்காமல், சாமிக்குப் படைப்பது மாதிரி மொண்டுதான் கொடுப்பேன்.

3. வேவு

நானே போய் அவளிடம் வாங்கிக் குடிக்க முடியுமா? என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவருக்கு இந்த வேலையில் துளியும் இஷ்டமில்லை. தங்கச்சி கடைக்குப் போகிறவர் போலப் போய், கப்பை மறைத்து எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தார்.

"நீங்க மொதல்ல குடிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா? அவளோடது நல்லாருக்கா, என்னோடதா?"

"ஏய், ஒண்ணுன்னா ஒண்ணுதான். ஒன்கிட்ட படிச்சவ வேற எப்புடி வைப்பா? என்னைய இதுல இழுக்காத, எனக்கு ரெண்டு வீட்லயும் சோறு வேணும்."

நானும் குடித்துப் பார்த்தேன். ஒன்றுதான். அதுதான் என்னை இன்னும் எரித்தது. அவளுடையது மேல் என்றால் நான் ஏதாவது செய்து அதை மிஞ்சலாம். மோசம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரே சூப்பை விட்டுவிட்டு அதே சூப்புக்குப் போகிற மனிதரை நான் என்ன செய்ய? குடைதான் இழுக்கிறதோ, அவள் சிரிப்புதான் இழுக்கிறதோ, எவளாவது வண்டிக்கு ஏதாவது செய்துவைத்துவிட்டாளோ என்று என்னென்னவோ நினைத்தேன். எலுமிச்சம்பழம் வாங்கிச் சக்கரத்தடியில் வைத்துக்கூடப் பார்த்தேன். சக்கரம் நசுக்கியதுதான் மிச்சம்.

பட்டாளம் மெல்லப் பெயர்ந்தது. பாதி அண்டாவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய் நானும் என் வீட்டுக்காரருமாகக் குடித்த நாட்கள் உண்டு.

4. டிக்கெட்

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் மைதான வாசலிலேயே கண்டக்டர் சாரை மறித்துவிட்டேன்.

"சார், நான் என்ன கொற வச்சேன்? சொல்லிட்டு எங்கிட்டு வேணா போங்க."

அவர் நெளிந்தார். "ஒரு கொறயும் இல்லம்மா."

"கொற இல்லாமயா அங்கிட்டுப் போயி கால் கடுக்க நிக்கிறீங்க?"

"தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "ஒங்ககிட்ட இத்தன வருசமாக் குடிச்சேன்ல, ஒரு பட்டாணிகூட என் பல்லுல பட்டதில்ல. பேருக்குத்தான் பட்டாணி சூப்பு போலன்னு இருந்துட்டேன். அன்னைக்கு லேட்டா வந்தேனா, ஒங்க போணியும் ஆயிப்போச்சு, சரின்னு அங்கிட்டுப் போனேன். அந்தப் புள்ள குடுத்த கப்புல பட்டாணி, கேரட்டு, அடியில கெட்டியா விழுது... அடேயப்பா!"

மேலாக மொண்ட கரண்டி! அரைத்த பட்டாணியும் காயும் அண்டாவின் அடியில் உறங்கிக்கொண்டிருக்க, நான் யாரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேனோ அந்த ஒருவருக்கு மட்டும் கலக்காமல் தினமும் தெளிந்த தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன். மாமியார் விற்றது மோர். அதில் வெண்ணெய்த் துணுக்கு மேலே மிதக்கும். மேலாக மொண்டால் முதல் ஆளுக்கு நல்லது கிடைக்கும். சூப்பில் நல்லதெல்லாம் அடியில் கிடக்கும். விதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"ஏன் சார் இத்தன நாளா சொல்லல?"

"நீங்க என்னையக் கைராசிக்காரருன்னு சொல்லி, சிரிச்ச மொகமாக் கப்பக் குடுப்பீங்க. எப்புடிம்மா சொல்றது? மொத டிக்கெட்டுக்குக் கிழிஞ்ச நோட்டு நீட்டுனா மறுக்கவா முடியும்? வாங்கிப் பையில போட்டுக்க வேண்டியதுதான்."

"நாளைக்கு ஒரு நாள் வாங்க சார். நல்லாயில்லன்னா நானே ஒங்கள ரோட்டத் தாண்டி விட்டுட்டு வாரேன்" என்றேன்.

மறுநாள் வந்தார். மாமியாரை மனதில் நினைத்துக் கும்பிட்டுவிட்டு, கரண்டியை அடிவரை விட்டு நன்றாகக் கலக்கி முதல் கப்பை மொண்டேன். அவர் குடித்தார். மென்றார். பட்டாணி மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "ரைட்!" என்றார். பட்டாளம் திரும்பியது.

5. கார்ன்ஃப்ளார்

அதற்குப் பிறகு சரசுவின் போணிக்காரியான நர்ஸம்மாவும் என்னிடம் வர ஆரம்பித்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். சரசுவும் தாய் சொல்லைத் தட்டாத மகள். மேலாகத்தான் மொள்ளுவாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பேனா? அந்தப் பங்குனி வெயிலிலும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஒரு நாள் வியாபாரம் முடிகிற நேரம், சரசு ரோட்டைத் தாண்டி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அண்ணி, நர்ஸம்மா ஒங்ககிட்ட வாராங்கள்ல? சூப்பு தண்ணியா இருக்குதாம். போணியே சரியில்ல. பாதிக்கு மேல மிச்சம்."

"அப்புடியா?" என்றேன். துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

"நாளையிலேருந்து கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்திறலாம்னு இருக்கேன். பச்சைக்குக் கொஞ்சம் கலர் பொடியும் போட்டா..."

அதுவரைதான் என் சந்தோஷம்.

"என்னது? எஞ்சூப்புல மாவக் கரைக்கப் போறியா?"

"அது என் கடை சூப்பு அண்ணி."

"எதுடி ஒஞ்சூப்பு? எங்க அடுப்படியில நின்னு படிச்ச சூப்பு அது! தோல அவிச்சு வடிச்ச தண்ணியில போயிக் கலர் பொடியா? கை வெளங்குமாடி?"

அவள் அழுதுவிடுவாள் போல இருந்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி, அவள் கரண்டியைப் பிடுங்கி, அவள் அண்டாவின் அடிவரை விட்டுத் தூக்கிக் காட்டினேன். பச்சைப்பசேல் என்று விழுது, பட்டாணி, பீன்ஸ் எல்லாம் வந்தது.

"இதெல்லாம் யாருக்கு வச்சிருக்க? கலக்கிட்டு மொள்ளுடி!"

"அம்மா அடியத் தொடக் கூடாதுன்னு சொல்லுமே..."

"ஒங்கம்மா வித்தது மோரு. நீ விக்கிறது சூப்பு."

சொன்ன பிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று எனக்கே உறைத்தது. வண்டிக்குத் திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்குச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கூடியது என்றால் அது தற்செயல்.

6. படித்தது

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெரியவர்கள் சொன்ன விதியைக் கேளுங்கள், எந்தப் பாத்திரத்துக்குச் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். யாரை அதிகம் மதிக்கிறீர்களோ அவர் கப்பில் என்ன போகிறது என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள். பொறாமைப்படாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. எனக்கு இன்னும் போகவில்லை. சரசு கரண்டியை விட்டுக் கலக்குகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஏதோ கலங்குகிறது.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் என் வண்டிப் பக்கம் வந்து நின்றார். என் முன்னால் கூட்டம். எதிரில் குடையின் கீழே இரண்டு பேர்தான்.

"ஏங்க, அந்தக் கடை சூப்பு எப்புடி இருக்கும்?" என்று என்னிடமே கேட்டார்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் கேட்டது என் அடுப்படியில் பிறந்த பட்டாணி சூப்பைப் பற்றியல்லவா?

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன்.

மனிதர் நேராக ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.