மூன்று தட்டு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பிளக் அண்ணன் என்று பெயர். பிளக்கைப் பிடுங்குகிறவர்களோடு மல்லுக்கு நின்றே பாதி ஆயுள் போனவர். நிலநடுக்கத்தில் தரை எவ்வளவு வலுவாக ஆடுகிறது என்று அளக்கும் பெட்டிகளைப் பள்ளி, ஆஸ்பத்திரி, ஆலை என்று பல இடங்களில் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்குவது அவர் வேலை. அவை அனுப்பும் அளவை வைத்துத்தான் மீட்புப் படை முதலில் எங்கே போகவேண்டும் என்று நாங்கள் வரைபடம் போடுவோம். ஆனால் எவனாவது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுவிடுவான். "ஊரே இடிஞ்சு விழுந்தாலும் இவனுக்குப் போன்ல சார்ஜ் இருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

மறுபடி சொருகியதும் ஒரு சோதனை உண்டு. போனில் இருப்பவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் குதிகாலால் மூன்று தட்டு தட்டச் சொல்வார். எங்கள் திரையில் அந்தப் பெட்டியின் கோடு மூன்று முறை துள்ளும். "தெரியுது" என்று சொல்லிப் போனை வைப்பார்.

ஒரு நூற்பாலையில் மட்டும் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கிடங்குப் பொறுப்பு அவர் தங்கைக்கு. அப்பாவும் அம்மாவும் போனபிறகு இவரே தூக்கி வளர்த்த பெண். பெட்டியை அவள் கிடங்கிலேயே வைத்திருந்தார். பிளக்கில் கைவைத்தவனை அவள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். வாரா வாரம் அவளே போன் போடுவாள்.

"அண்ணே, தட்டிட்டேன். தெரியுதா?"

"யானை நடந்த மாதிரி தெரியுது. சாப்பாட்டக் கொஞ்சம் குறைச்சுக்கம்மா."

"போன வாரம் வந்து என் பங்கையும் சேத்து முழுங்கினது யாரு?"

பிறகு ஆலைக்குப் புது இயந்திரங்கள் வந்தன. அந்தக் கோடு நாள் முழுக்க நடுங்கியது, எச்சரிக்கை மணி ஓயவில்லை. "அந்த ஆலை வாயை அடைங்கப்பா, காது போகுது" என்றார் எங்கள் அதிகாரி. அங்கிருந்து வரும் சின்ன அதிர்வுகள் பதிவாகும், ஆனால் திரைக்கு வராதபடி பிளக் அண்ணன் தடுத்துவைத்தார். நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதன்பிறகு தங்கை தட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் ஆசையாகக் கேட்கும்போது மறுக்க மனம் வராமல் "தெரியுது, தெரியுது" என்றே சொல்லிவந்தார்.

அந்தக் காலை நிலம் ஆடியபோது எங்கள் வரைபடம் பாதிக்குமேல் சிவந்துவிட்டது. ஆலை இடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. தொழிலாளர்கள் முற்றத்துக்கு ஓடிவந்துவிட்டார்கள், கிடங்கில் இருந்தவர்கள் கதி மட்டும் தெரியவில்லை என்றார்கள். தங்கையின் போன் எடுபடவில்லை. பாலம் விழுந்ததால் இவராலும் போகமுடியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மீட்புப் படைக்காரரிடம் போனில் கெஞ்சினார்.

"எல்லா எடத்துலயும் ஆள் கேக்குறாங்க சார். உள்ள உயிர் இருக்குன்னு ஒரு அடையாளம் சொல்லுங்க, உடனே அனுப்புறேன்."

ஆலைப் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டெனா வாசல் காவலறைக் கூரையில் இருந்ததால் தப்பித்திருந்தது. அவர் அந்தக் கோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னதிர்வு வரும்போது துள்ளும், பிறகு நேராகிவிடும். "அசைவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தான் போட்ட தடுப்பு அவருக்கு நினைவில் இல்லை. எங்களில் யாருக்கும் இல்லை.

மாலையில்தான் ஆலைக் காவலாளிக்குப் போன் கிடைத்தது.

"காலையிலேர்ந்து கிடங்குப் பக்கம் தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க. இப்பக் கேக்கல."

அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்தவன் நான், மறக்கமாட்டேன். அப்போதுதான் நினைவு வந்து தடுப்பை எடுத்தார். மறைந்திருந்ததெல்லாம் திரைக்கு வந்தது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. காலையிலிருந்து அப்படியே போனது. நேரம் ஆக ஆக இடைவெளி நீண்டது. துள்ளல் சிறுத்தது. கடைசியில் இரண்டுதான். மூன்றாவது வரவில்லை.

படை உடனே போனது. பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் அவள் கிடந்தாள், கையில் எடைக்கல்லோடு. உடம்பில் இன்னும் சூடு இருந்தது என்றார்கள். அதை ஏன் சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். "விதிமுறைப்படிதானே செஞ்சோம், யார் மேலயும் தப்பில்ல" என்று எங்கள் அதிகாரி ஆறுதல் சொன்னபோது அவரை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிளக் அண்ணன் இன்னும் வேலைக்கு வருகிறார். பெட்டிகளைப் பார்க்கிறார், தட்டச் சொல்கிறார். மறுமுனையில் "தெரியுதுங்களா?" என்று கேட்டதும் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். நான் திரையைப் பார்த்துத் "தெரியுது" என்று சொல்லிப் போனை வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கிறார்:

"நெஜமாத் தெரிஞ்சுதா? சும்மா சொல்லலையே?"