ஃபயர்வாலில் இரண்டு ஜன்னல்கள்

ஓய்வுபெற்ற பின் நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதை எங்கள் குடியிருப்பில் எவரும் இன்றளவும் மன்னிக்கவில்லை. இரண்டே இருக்கைகள், என்ஜின் முதுகுக்குப் பின்னால். ஓசூரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் ஏதோவொரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு வாழ்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் என் காரைப் பற்றி ஒரு கருத்து உண்டு.

அடுத்த வீட்டுக்காரருக்குக் கருத்தோடு பழைய மனத்தாங்கலும் உண்டு. நான் தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்த அதே தொழிற்சாலையில் அவர் உற்பத்தி மேலாளர். அவர் அனுப்பிய பாகங்களை நான் திருப்பி அனுப்பிய நாட்கள் ஏராளம். என் கையெழுத்து விழுந்த வேலை ஒருபோதும் தவறியதில்லை என்று அவரிடம் தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரைத்தான் இந்தக் கார் பதம் பார்த்தது.

என்ஜின் பெல்ட் கீச்சிடத் தொடங்கியது. அதை மாற்ற என்ஜினையே கீழே இறக்க வேண்டும் என்றார்கள் பெங்களூர் ஒர்க்‌ஷாப்பில். தொழிற்சாலை டூல் ரூமில் அச்சும் கருவியும் செய்தே காலம் கழித்த என் தம்பி வேறு வழி சொன்னான். இருக்கைகளுக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்பில், அதாவது ஃபயர்வாலில், பெல்ட்டுக்கு நேராக ஒரு ஜன்னல் வெட்டித் தகடு வைத்துத் திருகிவிட்டால், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். தீயைத் தடுக்கவென்றே உள்ள சுவரை வெட்டுவதா என்று மறுத்தேன். தகட்டைச் சுற்றி வெப்பம் தாங்கும் சீல் போடுவதாக வாக்களித்த பின் இணங்கினேன். என் ஒப்புதலின்றி இரும்பு வெட்டும் கிரைண்டரைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை.

ஞாயிறன்று நான் ஆராதனை முடிந்து திரும்புவதற்குள் அவன் இருக்கைகளைக் கழற்றி, காரின் பின்பக்கமிருந்து என்ஜின் மேல் குனிந்து, என்ஜின் பக்கச் சுவரில் ஓர் அட்டையை வைத்து, வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்து, அந்த அளவுக்கு அட்டையில் துளையும் போட்டிருந்தான். அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். பிறகு தம்பி காருக்குள் வந்து, கையெழுத்து சுவரைப் பார்க்கும்படி அதை ஒட்டப்போனான். தடுத்தேன். ஒப்புதல் பெற்ற முகம் வேலை செய்பவனைப் பார்த்திருக்க வேண்டும், அதுவே முறை. அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நான் சொன்னபடியே ஒட்டினான். வாதிட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாதிடுகிறவன்.

வெட்டிய இரும்புத் துண்டை எடுத்தால், பெல்ட்டுக்குப் பதில் ஏர் ஃபில்டரின் கறுப்புப் பெட்டி.

"பெல்ட் அந்த ஓரத்துல இருக்குதுண்ணா."

அட்டையில் குறித்தவன் அவன்தானே என்றேன்.

"அந்தாண்ட நின்னு குறிச்சதை இந்தாண்ட திருப்பித்தான ஒட்டணும்? கையெழுத்து தெரியணும்னு நீதான சொன்ன."

கிரைண்டர் சத்தம் நின்றதும் அடுத்த வீட்டுக்காரர் வந்துவிட்டார். காருக்குள் தலையை நீட்டி, ஓட்டையைப் பார்த்து, அட்டையை எடுத்து, என் கையெழுத்தைப் படித்து, மெதுவாகத் திருப்பிச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"ரீவொர்க்கா சார்?"

தவறிய பாகத்தை மறுபடி செய்யச் சொல்லும் அந்தச் சொல்லை அவரிடம் எத்தனையோ முறை சொன்னவன் நான். தம்பி கருவிப்பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேடினான். ஆமாம் என்றேன்.

"இந்தப் பக்கம் கையெழுத்து இல்லீங்களே சார். கையெழுத்து தெரியாம வெட்டக் கூடாதுன்னு உங்க ரூல் ஆச்சே. நான் போட்டுடட்டுங்களா?"

மறுத்திருந்தால், தவறான இடத்தில் ஓட்டையும் கீச்சிடும் பெல்ட்டுமாகக் கார் அப்படியே கிடந்திருக்கும். தலையசைத்தேன். வெற்றுப் பக்கத்தில், என்னுடையதைவிடப் பெரிதாக, நிதானமாகப் போட்டார். அந்தப் பக்கம் தெரியும்படி ஒட்டி வெட்டியதும் பெல்ட் நேர் எதிரே நின்றது. முதல் ஜன்னலுக்கும் ஒரு தகடு போட்டு மூடினோம்.

போகும்போது அட்டையைக் கேட்டார். கொடுக்க மறுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

கார் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. மாலை நடைக்கு நான் குடியிருப்புப் பூங்காவை விட்டு மத்திகிரிப் பக்கம் போகிறேன். பூங்கா பெஞ்சில் அந்த அட்டை கைமாறிக்கொண்டிருப்பதாகத் தம்பி சொல்கிறான். சொல்லும்போது சிரிக்காமலிருக்க அவன் முயற்சியாவது செய்யலாம்.