சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் மேல் ஒன்பது கேஸ்

"...ஆளு தங்கமான ஆளுதான் பாய், ஆனா புஸ்தகத்துல போக்கிரியா இருக்கறானே, நான் என்னத்த எழுத?" என்று சொல்லிக்கொண்டே ஏட்டய்யா என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம் சந்தை முக்கில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றவன், சந்தைக் காளைகளுக்கு லாடம் அடிக்கும் என் சிநேகிதன். ஏட்டய்யா கையிலிருந்த காகிதம் அவனைப் பற்றியதுதான். மலைமேல் சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் அவனைக் காவலாளாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆள் மேல் கேஸ் ஏதும் இல்லை என்று போலீஸ் எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான். வேலை கிடைத்தால்தான் தோட்டத்து ஆட்களுக்கான லைனில் வீடு. வீடு கிடைத்தால்தான் அங்கே ஏலக்காய் எடுக்கிற பெண்சாதியோடும் பிள்ளையோடும் அவன் இருக்க முடியும். கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்திருந்த நாட்களை விரல் விட்டுச் சொல்லிவிடுவான்.

அவனுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். என் படிப்பும் கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்றதுதான். தட்டுத் தடுமாறி வரும். அந்த மாசம் அவள் யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள்: "பிள்ளை, அப்பான்னா கடுதாசின்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. தபால்காரரைக் கண்டா ஓடுது." இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். மூன்றாம் தடவை கேட்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் புஸ்தகத்தில் போக்கிரியானது எங்களால்தான். மாசத்துக்கு இத்தனை கேஸ் பிடித்தாகவேண்டும் என்று ஸ்டேஷனுக்கு மேலேயிருந்து கணக்கு. குறைந்தால் ஏட்டய்யாவுக்கு வசவு. மாசக் கடைசிச் சந்தையன்று முக்கில் வந்து நிற்பார். ஒரே சைக்கிளில் இரண்டு பேர் போனால் கேஸ், வண்டிக்காரன் வண்டியில் தூங்கினால் கேஸ். ஆனால் ஒருவனை நிறுத்திப் பெயர் கேட்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். பாவம் என்று நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இந்த மாசம் இன்னார் என்று என் கடையில் பேசிப் பெயர் கொடுத்துவிடுவோம். அபராதம் எல்லாருமாகப் போட்டுக் கொடுப்போம். "ஏட்டய்யா வலை வீசறதில்லீங்க, முறத்த நீட்டறாரு, நாமதான் அள்ளிப் போடறோம்" என்பார் ஒரு மாட்டுத் தரகர்.

சித்தூர் கோர்ட்டுக்குப் போய் நிற்கத்தான் ஆள் கிடைக்காது. ஒரு நாள் முழுக்கப் போய்விடும். "எம் பேரச் சொல்லீருங்க பாய். ஊட்டுல எனக்கு யாரு காத்துட்டிருக்கறா?" என்பான் சிநேகிதன். நானும் சொன்னேன். ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒன்பது கேஸ். ஒன்பதும் டபுள்ஸ் ஓட்டியதற்கு. அவனுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

"கேஸ் இல்லைன்னு எழுதீருங்களேன்" என்றேன் ஏட்டய்யாவிடம்.

"இன்ஸ்பெக்டர் புஸ்தகத்த ஒரு பொரட்டுப் பொரட்டினாத் தெரிஞ்சு போகும் பாய்."

"அப்ப உள்ளதையே எழுதுங்க" என்றான் சிநேகிதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னான்னு?"

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு."

ஏட்டய்யா சிரிக்கவில்லை. "அதை எழுதினா நானல்லோ மாட்டுவேன்?"

"ஆமாங்க" என்றான் அவன். வெளியே ஒரு காளை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஏட்டய்யா என்னிடம் பேனா கேட்டு வாங்கினார். மலையாளத்தில் நிறைய எழுதினார். முடித்ததும் எழுதியதை எங்களுக்காகத் தமிழில் சொன்னார்: மாசக் கணக்கை நிரப்பவே இந்தக் கேஸ்கள், எழுதியது நான், இவன் குற்றம் செய்யவில்லை, இனிமேல் எண்ணிச் சொல்லிக் கேஸ் கேட்பதை நிறுத்தவேண்டும்.

நிறுத்தினார்களா, தெரியாது. அவனுக்கு வேலை கிடைத்தது, மலையேறிவிட்டான். பிள்ளை இப்போது தபால்காரர் பின்னால் ஓடுவதில்லையாம், யாரையோ கொண்டு எழுதியிருந்தான். அதற்கப்புறம் கடிதம் குறைந்து, நின்றுபோயிற்று. அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஏட்டய்யாவையும் மாற்றிவிட்டார்கள். எங்கே என்று ஸ்டேஷனில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. சைக்கிள் எடுக்காமல் என் பெஞ்சில் சும்மா உட்கார வந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். இன்றும் அதில் யாராவது நடுவில் உட்கார்ந்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று வாய் வரை வந்துவிடும்.

அன்றைக்கு மை காய்ந்ததும் ஏட்டய்யா தொப்பியை மாட்டிக்கொண்டார். "நல்ல வண்டியா ஒண்ணு குடுங்க பாய்" என்று வாங்கி, கேரியரைத் தட்டி, சிநேகிதனை ஏறி உட்காரச் சொன்னார். மாட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாசாமாசம் தாம் நின்ற அந்த முக்கைத் தாண்டி, மணியடித்தபடியே, அவனையும் வைத்து ஸ்டேஷனைப் பார்த்து மிதித்துக்கொண்டு போனார்.