கட்கி தியேட்டரின் ஞாயிறு காலை ஷோ

தியேட்டர் வாசலில் பை சோதிக்கிறவளை யாருக்கும் பிடிக்காது. படம் பார்க்க வருகிறவர்களுக்கும் பிடிக்காது, சம்பளம் கொடுக்கிறவருக்கும் பிடிக்காது. என்றைக்காவது பையைத் திறந்து காட்டி வயிறெரிந்தவர்கள், தங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே இதைப் படிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மராத்தி பேசுகிற ஊரான கட்கியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கிலீஷ் படம் பார்ப்பதற்காகக் கட்டிய தியேட்டர் அது. அவர்கள் போன பிறகு இந்திப் படம் வந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் தமிழ்க் குடும்பங்கள் பெருகியதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தமிழ்ப் படம் என்று வழக்கமாயிற்று. தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலிலும் ஏரவாடாவிலிருந்து பஸ்ஸிலும் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்குவார்கள். பெண்கள் வாசலில் எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. நான் சொல்லப்போவது அந்தக் கூட்டமெல்லாம் வருஷக்கணக்கில் தேய்ந்து போன பிறகு நடந்தது.

லுங்கியும் இட்லி டப்பாவும்

சரோஜா அக்கா கட்கி பஜார் பக்கம். அவர் புருஷன் தேவராஜ் அண்ணன் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா தோளில் ஒரு பெரிய பை. திறக்கச் சொன்னால், உள்ளே லுங்கி, துண்டு, பிளாஸ்டிக் விரிப்பு, இட்லி டப்பா. என் வாய் சும்மா இருக்குமா? "படத்துக்கு வந்தீங்களா, ஊருக்குக் கிளம்பினீங்களா?" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு ஞாபகம் போய்விட்டது, இருந்த இடத்திலேயே நனைத்துவிடுகிறார் என்று மெதுவாகச் சொன்னார். வீட்டில் இருந்தால் "இது என் வீடு இல்லை" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். கொஞ்சம் அசந்தால் ரயில் தண்டவாளத்துப் பக்கம் போய்விடுவாராம். இந்தத் தியேட்டரில் உட்கார்ந்தால் மட்டும் எழுந்திருப்பதில்லை. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். நான் ஜிப்பை இழுத்து மூடினேன். அக்கா உள்ளே போகும்போது சொன்னார்: "வாரத்துல நான் கண்ண மூடறது இந்தப் படம் ஓடற நேரந்தான் நஸீமா. யாரு நடிக்கிறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

குறட்டைப் புகார்

ஆள் குறைந்தால் ஷோ ரத்து. எங்கள் மேனேஜர் மராத்திக்காரர், எல்லோருக்கும் காகா, அதாவது சித்தப்பா. படம் போடுவதற்கு முன்னால் திரைச்சீலையை விலக்கித் தலைகளை எண்ணுவார். ஷோ நின்றால் அக்காவின் தூக்கமும் நின்றுவிடும். அதனால் சமோசா விற்கிறவர், பெருக்குகிற அம்மா, பார்க்கிங் கண்பத் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் உள்ளே தள்ளி உட்கார வைப்பேன். கண்பத்துக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கதாநாயகி அழுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பான். காகாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரிந்துதான் எண்ணினார்.

ஒரு தடவை சென்னையிலிருந்து வந்து ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற ஜோடி ஒன்று, இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து வந்தது. பின் வரிசையில் ஒரு அம்மா விடுகிற குறட்டையில் வசனமே கேட்கவில்லையாம். அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிடு என்று குதித்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் உள்ளே திரும்பினார்கள். கதவருகே அந்தப் பெண் மட்டும் நின்று சொன்னாள்: "ஆன்ட்டி, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. அவங்களுக்குக் குளிருது போல."

காகாவின் பதில்

முதலாளி போய்ச் சேர்ந்தார். மகன் இடத்தை விற்றான். அடுக்குமாடி வரப்போகிறது என்றார்கள். இடிக்கிற வரைக்கும் ஞாயிறு காலை மட்டுமாவது ஓட்டலாமே என்று காகாவிடம் கெஞ்சினேன். காகா வாலிப வயதில் அங்கே வந்தவர். அவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "நானும் முதலாளி மகன்கிட்ட கேட்டேன் நஸீமா. யாரோ தூங்கறதுக்காகத் தியேட்டர் நடத்தணுமான்னு சிரிக்கிறான்."

கடைசி ஞாயிறு

அன்றைக்குப் பார்க்க வேண்டுமே கூட்டத்தை! வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்து, தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கண்பத்துக்கு உட்கார நாற்காலி இல்லை.

படம் பாதி ஓடும்போது உள்ளே போய்ப் பார்த்தேன். அண்ணன் வழக்கம்போல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விழித்தே இருந்தார். "தூங்கலியாக்கா?" என்று குனிந்து கேட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "இன்னிக்குத் தூங்கினா அடுத்த வாரமும் உடம்பு கேக்கும்டி. இப்பவே பழகிக்கிறேன்."

தகரம் அடித்த பிறகு

வாசலை மறைத்துத் தகரம் அடித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். தேவராஜ் அண்ணன் ஆண்கள் வாசல் இருந்த இடத்தில், சோதனைக்கு நிற்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அக்கா மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். அண்ணன் கையை இறக்கவே இல்லை. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆண்களை நான் சோதிக்கக் கூடாதுதான். இருந்தாலும் போய்ச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, "சரிண்ணா" என்றேன். அவர் சந்தோஷமாகக் கையை இறக்கிவிட்டு, கதவு திறப்பார்கள் என்று தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காதான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினார்: "இன்டர்வெல் விட்டிருக்காங்க. வாங்க, வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்."

இப்போது ஒரு மாலில் இருக்கிற தியேட்டரில் அதே வேலைதான் பார்க்கிறேன். காலை நீட்டிப் படுத்துக்கொள்கிற மாதிரி நாற்காலியெல்லாம் போட்டிருக்கிறார்கள், சரோஜா அக்காவால் கொடுக்க முடியாத விலைக்கு.