க்ரீம் பிஸ்கட் கொடுத்த புகார்

வாசித்துக் காட்டும் வேலைக்குத் தொண்டை இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். தொண்டை கட்டினால் இஞ்சி இருக்கிறது, கண்ணுக்கு வரும் சந்தேகத்துக்குத்தான் மருந்து கிடையாது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இந்த வேலை ஒன்றும் புதிதல்ல. தெருவில் யாருக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும், பஸ்ஸின் நெற்றியில் எந்த ஊர் போட்டிருந்தாலும் நம்மிடம்தான் கேட்பார்கள். ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், ‘இதுக்கா காலேஜுக்குப் போனா?’ என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரே வரியை மூன்று முறை பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறவர்கள் எல்லாரும் என் இனம். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பி.ஏ. முடித்த கையோடு, பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் தங்கிப் படித்த பார்வையற்ற மாணவிகளுக்கு வாசிப்பாளராகப் போனேன். அங்கே நடந்தவற்றில் சில இவை.

என்ன உத்தியோகம்?

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். அப்பாவுக்கு வயல் வேலை, அம்மாவுக்குப் பீடி சுற்றும் வேலை. வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, முகம் மட்டும் மலர்ந்தது. “என்ன உத்தியோகம்ளா?” என்றாள். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டும், மாதச் சம்பளம் உண்டு என்றேன்.

அம்மா நல்லது என்றுதான் சொல்ல வந்தாள். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்த செண்பகம் மதினி முந்திக்கொண்டாள். “வாசிக்கதுக்கா சம்பளம் தாராவ? எங்க வீட்டு ரேடியோ இம்புட்டு நாளா சும்மால்லா வாசிச்சுக்கிட்டுக் கெடக்கு!”

அச்சகத்தின் முகவரி

விடுதியில் எனக்கு இரண்டு பேர். பேச்சியம்மாள் பி.எட். படித்தாள், பள்ளியில் தமிழாசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அமலி பி.ஏ. கடைசி வருடம். இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. ஏறக்குறைய என் வயதுதான், ஆனாலும் வாசித்துக் காட்டுகிறவள் என்பதால் ‘அக்கா’ என்பார்கள்.

முதல் நாள் எதையும் விட்டுவிடக்கூடாது என்ற பயம் எனக்கு. புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பு, விலை, அச்சிட்ட அச்சகம், அது இருக்கும் தெரு, அந்த ஊரின் பின்கோடு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். பாடம் தொடங்கும் முன்பே எனக்கு மூச்சு வாங்கியது. அமலி கையைக் கட்டிக்கொண்டு மிகவும் பணிவாகக் கேட்டாள். “அச்சாபீஸுக்கு வழி நல்லாத் தெரிஞ்சு போச்சுக்கா. பாடத்துக்கு எப்பம் போவோம்?”

செய்யுளா, படமா?

பி.எட். படிப்பவர்கள் வருடக் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எந்தப் பாடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பேச்சிக்கு வந்த சீட்டில் ‘ஆறாம் வகுப்பு, படம் பார்த்துப் பேசுதல்’ என்று இருந்தது. ஒரு சிரிப்புப் படத்தைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளைப் பேச வைத்து, பிறகு எழுத வைக்க வேண்டும். வாசித்துச் சொன்னது நான்தான். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

அவளுடைய பேராசிரியர் நல்ல மனிதர். அவரே கூப்பிட்டு, “நான் பேசி, செய்யுள் பாடமா மாத்தித் தாரேம்மா. நீ நல்லாப் பாடுதியே” என்றார். அதற்கு முன் அங்கே படித்த பார்வையற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் தேறியிருந்தார்கள். ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில் அவர்களிடம், உங்களால் எல்லாப் பாடமும் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பேச்சிக்கு அந்தக் கேள்வி தெரியும். தவறினால் ஒரு வருடம் போகும், கேள்வியும் அப்படியே நிற்கும் என்பதும் தெரியும். அவள் சொன்னாள்: “பாட்டு வருதுங்கது வேற சார். நாளைக்கு எனக்கு வேலை தாரவிய, படம் இருக்க பக்கத்த எல்லாம் கிழிச்சிட்டா பொஸ்தகத்தக் கையில குடுப்பாவ?”

எங்கே சிரிப்பது?

கல்லூரி அலமாரியிலிருந்து அந்தச் சார்ட்டை வாங்கி வந்தோம். முன்னால் படித்த யாரோ ஒருவர் கையால் வரைந்தது. வெகுநாள் சுருட்டியே வைத்திருந்ததால் விரிக்க விரிக்கச் சுருண்டது. விடுதி மேசையில் போட்டு, நான்கு மூலையிலும் கைக்குக் கிடைத்த புத்தகங்களைத் தூக்கி வைத்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. க்ரீம் பிஸ்கட்டுகளை வைத்து வரைந்த படம். பேச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லுங்கக்கா” என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். கடைசியில் சொல்ல வேண்டியதை எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். (உங்களிடம் அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.) பிறகு மேசை எங்கே, சுவர் எங்கே, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். எதையும் விடவில்லை என்று நம்பினேன். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அச்சகத்தின் முகவரியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இருந்த அதே முகம். மனம் நோகாமல்தான் சொன்னாள். “சிரிப்புப் படம்னு சொன்னிய. எங்கன சிரிக்கணும்னும் சொல்லிருங்க, சிரிச்சிருதேன்.”

ஒரு பாக்கெட் பிஸ்கட்

அன்று பஸ்ஸில் ஊருக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். படத்தைப் பார்க்கும்போது என் கண்ணும் ஒரே நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிடவில்லை. முதலில் ஒரு இடத்தில் விழுந்து, அங்கிருந்து நகர்ந்து, கடைசியில் ஒரு இடத்துக்குப் போனபோதுதான் சிரித்தேன். கண் போன அதே வழியில் பேச்சும் போக வேண்டும். ஆனால் பேச்சிக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. மறுபடி சொன்னால் சிரிப்பு வருகிறதா என்று அவளை வைத்துப் பார்க்க முடியாது. அமலிதான் மிச்சம்.

மறுநாள் எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட் வாங்கினேன். கடிக்காமல் திருகிப் பிரித்து, நடுவில் இருப்பதை நாக்கால் வழித்து எடுக்கும் வித்தை கண் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதில்லை. பேச்சி என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். அப்படிக் காலியான இரண்டு வட்டங்களை ஒரு தட்டில் சற்று இடைவெளி விட்டு நிறுத்தினோம். எதிரே, அமலியின் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு நீளப் பிஸ்கட். சார்ட்டை மேசையில் அதே புத்தகங்களை வைத்து விரித்துக்கொண்டு நான் சொல்ல, யார் எங்கே என்று பேச்சி தட்டில் தொட்டுத் தொட்டு மனத்தில் வாங்கிக்கொண்டாள். அமலியைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

“ஒரு போலீஸ் ஸ்டேஷன்” என்று தொடங்கினேன். “ரெண்டு வட்டப் பிஸ்கட் புகார் குடுக்க வந்திருக்கு. ரெண்டுக்கும் கை கால் உண்டு. ஒண்ணு மாருல அடிச்சுக்கிட்டு அழுது. இன்னொண்ணு, தங்களுக்கு நடுவுல இருக்க காலி எடத்தக் கையால காட்டுது.”

“க்ரீமக் காணுமாக்கும்?”

“களவு போயிட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஏட்டையா உக்காந்திருக்காரு. அவரும் பிஸ்கட்தான், நீளமா, தொப்பி வச்சிருக்காரு. முகத்த ரொம்பத் துக்கமா வச்சுக்கிட்டு, குனிஞ்சு, புகார எழுதுதாரு.” நிறுத்தினேன். ஒரு மூச்சு விட்டேன். “அவரு மீசையில க்ரீம்.”

அமலி சிரித்த சிரிப்பில் வார்டன் அம்மா மாடி ஏறி வந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட இல்லை. ‘இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்போம்’ என்று பேச்சி தட்டைத் துழாவினாள். எதிரே இருந்த இடம் காலி. அமலி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “ஏட்டையாவ நான் தின்னுட்டேங்க்கா.”

பஸ்ஸில் நீண்ட கை

தேர்வன்று பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். பேச்சி கையில் சுருட்டிய சார்ட். கூடையை மடியில் வைத்திருந்த காய்கறிக்கார அம்மா ஒருத்தி சார்ட்டைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள், ரேகை ஜோசியம் பார்க்கிறவள் என்று முடிவு செய்துகொண்டு கையை நீட்டினாள். “எனக்கு ஒண்ணு சொல்லு தாயி.”

இல்லை என்று நான் சொல்வதற்குள் பேச்சி அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். “தெனமும் தராசு பிடிக்க கை. இந்த வெரல்ல நேத்தோ முந்தாநாளோ அருவாமணை பட்டிருக்கு. சரியாம்மா?” என்றாள். பக்கத்து சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா கையைச் சட்டென்று இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். “ஆத்தாடி, இவ போதும்! இன்னுங் கொஞ்சம் விட்டா எம் மாப்பிள்ள குடிக்கதையும் சொல்லிருவா!”

முதல் பெஞ்சின் சந்தேகம்

சார்ட்டை ஆணியில் மாட்டிக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. வராண்டாவில் ஜன்னல் ஓரமாக நின்றேன். தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகப் பாதி வகுப்பில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாராம். பேச்சி படத்தின் ஓரத்தை விரலால் தொட்டு இடம் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். எங்கே இருக்கிறார்கள், யார் வந்திருக்கிறார்கள், என்ன காணாமல் போனது என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஏட்டையா மீசைக்கு வந்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், களவாண்டது ஏட்டையா இல்ல. எறும்பு.”

எட்டிப் பார்த்தேன். வலது பக்கம் கீழ் மூலையில், ஸ்டேஷன் வாசலைத் தாண்டி, தலையில் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அத்தனை தடவை அந்தப் படத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட எறும்பைச் சொன்னதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பேச்சியின் கை படத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. தேர்வாளர் பேனாவை மூடினார்.

“எறும்பா?” என்றாள் பேச்சி. “எனக்குத் தெரியாதே. எங்க இருக்கு?”

“அங்கன டீச்சர்!”

“அங்கனன்னு கையக் காட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? வாயால காட்டு.”

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேசைக்குக் கீழே, வலது பக்கம், வாசல்படிக்கு வெளியே என்று ஆளுக்கொரு அடையாளம் சொன்னார்கள். எம்புட்டுப் பெரிசு என்று கேட்டாள். உளுந்து அளவு என்றது ஒரு குரல். இல்லை, மிளகு அளவு என்றது இன்னொன்று. உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா? அது மெதுவாகப் போகிறதா, ஓடுகிறதா? ஓடுகிறது என்று எதை வைத்துச் சொல்லுகிறாய்? ‘காலு எல்லாம் அகட்டி வச்சிருக்கு டீச்சர்.’ ஏட்டுக் கட்சி, எறும்புக் கட்சி என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அவ்வளவு க்ரீமையும் ஒரு எறும்பு தூக்காது, ஆகவே இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் வந்தது. அத்தனை பேரும் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கியபோது பேனாக்களின் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. தேர்வாளர் மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. போகும்போது முதல் பெஞ்சுப் பெண்ணின் நோட்டை எடுத்து நின்றபடியே படித்துச் சிரித்தார்.

பேச்சி சார்ட்டைக் கழற்றும்போது அந்தப் பெண் ஓடிவந்து சுருட்டக் கை கொடுத்தாள். “நாளைக்கும் வருவியளா டீச்சர்? வேற படம் கொண்டாங்க, நாங்க பாத்துச் சொல்லுதோம்.”

நாலாவது மூலை

விடுதிக்கு வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படி விட்டேன் என்று எனக்கே புரியவில்லை. பழையபடி சார்ட்டை மேசையில் விரித்து, அன்றைக்கு வைத்தது போலவே புத்தகங்களை வைத்துப் பார்த்தோம். மூன்று மூலைகளில் என் ஒல்லிப் புத்தகங்கள். வலது பக்கம் கீழ் மூலையில் பேச்சியின் பிரெய்ல் புத்தகம், தலையணை மாதிரி. எறும்பு, அது போகிற வாசல், வாசல்படி எல்லாம் அதற்கு அடியில்.

பேச்சி அந்தப் புத்தகத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் சிரித்தாள். அந்த வருடம் செய்முறைத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான்தான் பலகையில் பார்த்து வாசித்துச் சொன்னேன்; சரியாகத்தான் பார்த்தேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, சத்தமாக. அடுத்த வருடம் அமலி பி.எட். சேர்ந்து அவளுக்கும் ஒரு படப்பாடம் வந்தபோது, செய்யுளாக மாற்றித் தரட்டுமா என்று பேராசிரியர் கேட்கவில்லை. எந்தப் படம் என்று மட்டும்தான் கேட்டார். ஆனால் அன்று சாயங்காலம் நான் இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டு நிற்பது தெரிந்து, பேச்சி சொன்னாள்: “நீங்க எறும்பச் சொல்லியிருந்தா நான் அந்தப் பிள்ளையளுக்குப் பாடம் எடுத்திருப்பேங்க்கா. சொல்லாததுனாலதான் அதுவ எனக்கு எடுத்துச்சு.”

ஆகவே என் இனத்தாரே, யாருக்காவது ஒரு படத்தைச் சொல்ல நேர்ந்தால் களவாணியைக் கடைசியில் சொல்லுங்கள், அதற்கு முன் நான்கு மூலையையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள், அப்படியும் ஒரு எறும்பு தப்பிப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.